அண்ணாவின் பழைய மரபணு ரிப்போர்ட்டில் தாய்வழி ‘எக்ஸ்’ என்று இருக்கிறது. திருகோணமலையில் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா?

உப்புவெளிக்காரி | மே 3, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிறவளாகவே இருந்தேன். இதுதான் என் முதல் பதிவு.

கனடாவில் இருக்கும் பெரியண்ணா 2007இல் ஒரு மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார். கன்னத்தின் உட்பக்கத்தைக் குச்சியால் துடைத்துத் தபாலில் அனுப்புகிற வகை. போன மாதம் அம்மாவைப் பார்க்க வந்தவர் பழைய கடவுச்சீட்டுகளோடு அந்தத் தாளையும் கொண்டுவந்து காட்டினார். அதில் ‘தாய்வழி ஹப்லோகுழு: எக்ஸ் (கணிப்பு)’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே மூன்று எண்கள்: 16189, 16223, 16278. வேறு ஒன்றுமில்லை.

இணையத்தில் தேடினால் எக்ஸ் என்பது இஸ்ரேலின் ட்ரூஸ் மக்களிடமும், அமெரிக்காவின் ஒஜிப்வே பழங்குடிகளிடமும் இருக்கும் அரிய வழி என்று வருகிறது. எனக்குத் தலை சுற்றுகிறது. அம்மா பிறந்தது சேனையூர். அம்மம்மாவும் சேனையூர். பூட்டி, அதாவது அம்மம்மாவின் அம்மா, கட்டைபறிச்சான். அவருக்கு மேலே யார் என்று அம்மாவுக்கே தெரியாது. மூதூர்த் துறையைத் தாண்டி திருமலைப் பட்டினத்துக்கு வருவதையே பெரிய பயணமாக நினைத்த பெண்கள் அவர்கள். 2006இல் யுத்தத்தில் ஊரை விட்டு ஓடும்போது காணி உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாம் போய்விட்டன. அம்மாவின் பக்கத்துக்கு என்று இப்போது கையில் இருப்பது இந்தத் தாள் ஒன்றுதான்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? இன்னொரு கேள்வி, சிரிக்காதீர்கள்: அண்ணா ஆண்பிள்ளை. அவருடைய உடம்பில் தாய்வழி எப்படி வரும்?

கடற்கரைக்காகம் | மே 3, இரவு 9.40

நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள். அக்கா, நீங்கள் செவ்விந்தியர். நாளைக்கே இறகுத் தொப்பிக்கு ஓடர் கொடுக்கிறேன்.

பழைய வாத்தி | மே 4, காலை 6.05

காகம், விடிந்ததும் முதல் வேலையாக உமக்குத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன் நான். வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை இதே கேள்வியைக் கேட்கும். நமது டிஎன்ஏ பெரும்பாலும் கலத்தின் கருவுக்குள் இருக்கிறது. அதில் பாதி தாய், பாதி தகப்பன். கருவுக்கு வெளியே இருக்கும் இழைமணிக்குள் (மைட்டோகொண்ட்ரியா) தனியாக ஒரு சின்ன வளையம் உண்டு. மொத்தம் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். விந்தில் வரும் இழைமணிகளைக் கருக்கட்டிய முட்டை அழித்துவிடும். ஆகவே உங்கள் அம்மாவின் வளையம் அண்ணாவுக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரிக் கிடைத்திருக்கிறது. அண்ணாவின் பிள்ளைகளுக்கு அது போகாது, உங்கள் பிள்ளைகளுக்குப் போகும். தாயிடமிருந்து பிள்ளைக்குப் படியெடுக்கும்போது எப்போதாவது ஒரு எழுத்து மாறும். அந்த விகாரம் அதற்குப் பிறகு வரும் எல்லாப் பிள்ளைகளிலும் இருக்கும். யாரிடம் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று அடுக்கினால் ஒரு மரம் வரும். அதன் கிளைகளைத்தான் ஹப்லோகுழு என்கிறார்கள். 1987இல் ஆலன் வில்சன், ரெபேக்கா கான், மார்க் ஸ்டோன்கிங் மூவரும் அதன் வேர் ஆபிரிக்காவில், ஏறத்தாழ 200,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணில் இருக்கிறது என்று எழுதினார்கள். அன்றைக்கு ஆபிரிக்காவில் அவள் ஒருத்திதான் இருந்தாள் என்று அர்த்தமில்லை. மற்றப் பெண்களின் தாய்வழிகள் இடையில் எங்கோ மகள் இல்லாமல் நின்றுவிட்டன, அவ்வளவுதான்.

இனி எக்ஸுக்கு வருவோம். இந்த ஆங்கில எழுத்துகளில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. அமெரிக்கப் பழங்குடிகளில் முதலில் கண்ட நான்கு வழிகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்தார்கள். மற்ற இடங்களைப் படிக்கப் படிக்க மற்ற எழுத்துகள் போயின. எக்ஸ் அமெரிக்காவில் ஐந்தாவதாக அகப்பட்டது. மற்ற நான்குக்கும் கிழக்காசியாவில் நெருங்கிய உறவு தெரிகிறது. இதற்கு அப்படி ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் இவ்வளவு சத்தம்.

எக்ஸ் என்பது ‘என்’ (N) என்ற பெரிய கிளையின் பிள்ளை. மேற்காசியாவில், சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அது இரண்டாகக் கிளைத்தது. எக்ஸ்1 பெரும்பாலும் வட ஆபிரிக்கா, கிழக்கு ஆபிரிக்கா. எக்ஸ்2தான் ஊர் சுற்றி. பனியுகத்தின் கடுமை குறையத் தொடங்கிய காலத்தில், அதாவது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், விரியத் தொடங்கி மேற்காசியா, கோகேசியா, ஐரோப்பா என்று பரவியது. துருக்கிப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் பயிர்ச்செய்கையைக் கொண்டுபோன ஆதி விவசாயிகளின் எலும்புகளிலும் எக்ஸ்2 கிடைத்திருக்கிறது. ஆனால் எங்கும் கூட்டமாக இல்லை. ஐரோப்பா முழுதும் எடுத்தால் நூறு பேரில் இரண்டு பேர் அளவு. கலிலேயா மலையின் ட்ரூஸ் மக்களிடம்தான் மிக அதிகமாகவும், பல உட்கிளைகளோடும் இருக்கிறது. தங்களுக்குள்ளேயே திருமணம் செய்து மலையில் ஒதுங்கி வாழ்ந்ததால் பழைய மேற்காசியாவின் ஒரு துண்டு அங்கே கலையாமல் கிடக்கிறது.

நமது துணைக்கண்டத்தில் எக்ஸ் மிக மிக அரிது. ஆகவே உங்கள் கேள்வி சின்னக் கேள்வி அல்ல, தங்கச்சி. நான் உண்மையிலேயே துள்ளிக் குதித்துவிட்டேன்.

கடற்கரைக்காகம் | மே 4, காலை 8.31

சேர், ஒரு காணொளி பார்த்தேன். ஐரோப்பியர் பனிக்கட்டி ஓரமாகவே படகில் அமெரிக்கா போனார்கள், எக்ஸ்தான் சாட்சி என்கிறார். அப்படியானால் அவர்கள் இந்தப் பக்கமும் திரும்பி கோணேசர் மலையடியில் இறங்கியிருக்கலாம்தானே?

பழைய வாத்தி | மே 4, பகல் 1.20

அந்தக் காணொளிக்காரர்களை நானும் பார்த்திருக்கிறேன். பின்னணி இசை நன்றாக இருக்கும்.

1996இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. கெனெவிக் மனிதன் என்பார்கள். வயது எட்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு அளவு. மண்டையோட்டைப் பார்த்துவிட்டு இவர் ஐரோப்பியர் போல் இருக்கிறார் என்று சிலர் சொல்ல, பழங்குடிகள் எங்கள் முன்னோரை எங்களிடம் தாருங்கள் என்று கேட்க, விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2015இல் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது. தாய்வழி எக்ஸ்2ஏ. மற்ற மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் இன்றைய அமெரிக்கப் பழங்குடிகளுக்குத்தான் நெருக்கம். ஐரோப்பாவிலிருந்து படகில் வந்த அடையாளம் ஒன்றும் இல்லை. 2017இல் அவரைப் பழங்குடிகளிடம் ஒப்படைத்தார்கள், அவர்கள் அடக்கம் செய்தார்கள். இந்த எக்ஸ்2ஏ வட அமெரிக்காவில் மட்டும் உள்ள உட்கிளை. ஒஜிப்வே மக்களில் சில இடங்களில் நான்கில் ஒருவரிடம் இருக்கிறது. ஐரோப்பாவில் உள்ள எக்ஸ்2 இதன் தாயும் இல்லை, மகளும் இல்லை. ஒன்றுவிட்ட சகோதரி முறை என்று வைத்துக்கொள்ளும். சைபீரியாவின் அல்தாய் மலைப் பக்கமும் எக்ஸ்2 உண்டு, அதுவும் வேறு உட்கிளைதான்.

கொட்டியாரத்தான் | மே 4, இரவு 7.55

வரலாற்றுப் பக்கமாக ஒன்று. கொட்டியாரக் குடா வெளியுலகம் தெரியாத மூலை இல்லை. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவருடைய தகப்பனும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது மூதூர்ப் பக்கத்தில்தான். பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த வந்தவர்கள். திருமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு பிரெஞ்சுக்காரர் வந்து போனார்கள், 1795இல் ஆங்கிலேயர். அதற்கு முன்னும் அராபிய, பாரசீக வணிகர்கள் வந்து போன கரை இது. இவர்களில் யாரோ ஒருவரிடமிருந்து எக்ஸ் வந்திருக்கலாமே? போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் திருமலையில் இன்றைக்கும் இருக்கின்றன.

நிலாவெளி_லாப் | மே 4, இரவு 10.47

கொட்டியாரத்தான் அண்ணா, நீங்கள் சொன்ன எல்லோரும் ஆண்கள்! நொக்ஸ் இங்கே பத்துப் பிள்ளை பெற்றிருந்தாலும் அவருடைய இழைமணி அவரோடு முடிந்துவிடும். தாய்வழி வரவேண்டுமானால் கப்பலிலிருந்து ஒரு பெண் இறங்கியிருக்க வேண்டும். போர்த்துக்கல் அரசன் ‘அரசனின் அநாதைகள்’ என்று சில பெண்களைக் கோவாவுக்கு அனுப்பியது உண்மை, ஆனால் தொகை கொஞ்சம். பெரும்பாலான சிப்பாய்கள் இந்தக் கரைகளில் உள்ள பெண்களைத்தான் கட்டினார்கள். அதனால் பறங்கியர் குடும்பத்தில் கூட அப்பா வழிப் பெயர் லிஸ்பனைக் காட்டும், தாய்வழி மட்டக்களப்பைக் காட்டும். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட பெண்கள் இன்னொரு வழி. அதைப் பற்றி ஏன் யாரும் பெருமையாகப் பேசுவதில்லை என்பது வேறு கதை.

ஆனால் நான் எழுத வந்தது இதை இல்லை. நான் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கிறேன். சேர் மன்னிக்கவேண்டும், எனக்கு அந்த எக்ஸ் மேலேயே சந்தேகம்.

தாளில் உள்ள மூன்று எண்களும் வளையத்தில் எழுத்து மாறியிருக்கும் இடங்கள். மூன்றும் 16 ஆயிரத்தில்தான் இருக்கின்றன. அதாவது வளையத்தில் அதிகம் மாறுகிற ஒரு சின்னத் துண்டை, சில நூறு எழுத்துகளை மட்டும் வாசித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் செலவு குறைவு என்று அப்படித்தான் செய்தார்கள். மிச்சப் பதினாறாயிரம் எழுத்தையும் பார்க்காமல் ‘கணிப்பு’ போட்டிருக்கிறார்கள்.

அந்த எண்கள் எதோடு ஒப்பிட்டு வந்தவை என்று பாருங்கள். 1981இல் கேம்பிரிட்ஜில் வாசித்த ஒரு ஐரோப்பியரின் வரிசைதான் அளவுகோல். 16223இல் நீங்கள் அவரோடு வேறுபட்டால், அவர் இருக்கும் ஆர் (R) என்ற பெரிய கிளையில் நீங்கள் இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். நமது துணைக்கண்டத்தில் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான், ஏனென்றால் இங்கே பெரும்பான்மை எம் (M) கிளை. 16189 மாறி மாறிக் குழப்பும் இடம் என்று பெயர் எடுத்தது. சம்பந்தமே இல்லாத கிளைகளில் திரும்பத் திரும்ப மாறியிருக்கிறது. 16278உம் அப்படித்தான். எக்ஸில் இந்த மூன்றும் வரும், சரி. ஆனால் எம் கிளையில் உள்ள ஒருத்திக்கு இந்த இரண்டும் தற்செயலாக மாறியிருந்தால், அந்தச் சின்னத் துண்டில் அவள் எக்ஸ் மாதிரியே தெரிவாள்.

அக்கா, முழு வளையத்தையும் வாசிக்கிற பரிசோதனை ஒன்று செய்யுங்கள். முதலில் 489, 10400 இரண்டையும் பாருங்கள். 489இல் சி (C) என்ற எழுத்தும் 10400இல் டி (T) என்ற எழுத்தும் இருந்தால் அது எம். எக்ஸுக்கு அவை இரண்டும் வராது.

பழைய வாத்தி | மே 5, காலை 5.50

பிள்ளை, இரவு முழுக்க நித்திரை இல்லை. மூன்று எண்ணைப் பார்த்ததும் நான் கலிலேயா வரை போய்விட்டேன். ‘கணிப்பு’ என்ற சொல்லைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் கேள்வியை முழுதாக வாசி என்று முப்பது வருடம் சத்தம் போட்டவன் நான்.

வாவிக்கரை | மே 6, மாலை 4.15

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எம்மோ எக்ஸோ வரும்போது வரட்டும். உங்களுக்கெல்லாம் இது புதுமையாக இருப்பதுதான் எனக்குப் புதுமை. எங்கள் பக்கம் குடி என்பது தாய் வழியாகத்தான் வரும். அம்மா உலகிப்போடி குடி என்றால் பிள்ளைகளும் உலகிப்போடி குடி. தகப்பனின் குடி அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. கோயிலில் யாருக்கு என்ன வரிசை என்பதும் குடிப்படிதான். இங்குள்ள முஸ்லிம்களிடமும் குடி உண்டு, அதுவும் தாய்வழிதான். குடிக்குள்ளே இன்னும் நெருக்கமாக ‘வயிற்றுவார்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு வயிற்றிலிருந்து இறங்கி வந்தவர்கள். வாத்தியார் சொன்ன வளையம் போகிற வழியும் வயிற்றுவார் போகிற வழியும் ஒன்றுதானே.

உப்புவெளி அக்கா, கொட்டியாரப் பக்கம் இந்த வழக்கம் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் வீடு பெண்ணுக்குத்தானே கொடுப்பார்கள்? மாப்பிள்ளை தானே பெட்டியோடு வந்து ஏறுவார்? அப்படியானால் அம்மம்மாவின் வளவு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். காணியைப் பிடித்துப் போனால் பெண்களைப் பிடிக்கலாம்.

உப்புவெளிக்காரி | மே 6, இரவு 8.02

எவ்வளவு பதில்கள்! அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். முழுப் பரிசோதனைக்குப் பணம் கட்டுகிறேன் என்கிறார். கனடாவிலேயே அவரையே திரும்பச் செய்யச் சொன்னேன், இங்கிருந்து எச்சிலைத் தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது.

வாவிக்கரை அண்ணா சொன்னது சரி. அம்மம்மாவின் வளவு பூட்டியின் சீதனம். பக்கத்து வளவு பூட்டியின் தங்கச்சிக்கு. அதை நினைக்கவே இல்லை.

வெருகல்காற்று | மே 7, காலை 10.26

நான் கேட்பது கொஞ்சம் விலகின கேள்வி. என் அம்மம்மாவின் சனம் ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வேடர். தமிழ்தான் பேசுகிறோம், வெருகல் முருகனுக்குத்தான் நேர்த்தி வைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் நான் ஒருநாளும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்களைப் பற்றி இந்தத் தாய்வழி ஆராய்ச்சிகள் ஏதாவது சொல்கின்றனவா?

நிலாவெளி_லாப் | மே 7, பகல் 12.10

சொல்லியிருக்கிறார்கள் அண்ணா. 2014இல் வெளியான ஒரு ஆய்வில் வேடர், மலைநாட்டுச் சிங்களவர், கரைநாட்டுச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர் என்று 271 பேரின் தாய்வழியைப் பார்த்தார்கள். வேடர் மற்ற எல்லோரிடமிருந்தும் விலகித் தனியாக நின்றார்கள். மற்றவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஓரளவு கிட்ட. சிங்களம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம் என்று கோடு போட்ட மாதிரி வரவில்லை. ஆனால் அங்கேயும் வாசித்தது வளையத்தின் மாறும் துண்டுகளைத்தான், முழு வளையத்தை இல்லை.

எல்லைக்கல் | மே 7, பகல் 12.48

அப்படியென்றால் இந்த மண்ணுக்கு முதலில் வந்தது யார் என்பதை இதை வைத்தே நிரூபிக்கலாமே. நான் சொல்கிறேன், யாருடைய…

*[இந்தப் பதிவின் மிகுதி நீக்கப்பட்டது. யார் முதலில் வந்தது என்ற சண்டைக்கு வேறு இழைகள் ஏற்கெனவே மூன்று பூட்டிக் கிடக்கின்றன. – மட்டுறுத்துநர்]*

பழைய வாத்தி | மே 7, மாலை 5.33

மட்டுறுத்துநருக்கு நன்றி. ஒரு கணக்கு மட்டும் போட்டுவிட்டுப் போகிறேன். பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர். அதில் 512 பேர் பெண்கள். இழைமணி அந்த 512 பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் பேசும். மிச்சம் 1,023 பேரும் வாய் பேசாமல் நிற்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு காணிக்கு வேலி போட வருகிறார் நம் தம்பி.

உப்புவெளிக்காரி | ஒக்டோபர் 18, இரவு 9.30

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். முடிவு போன கிழமை வந்தது.

489இல் சி. 10400இல் டி. நிலாவெளித் தங்கச்சி சொன்னபடியே. எக்ஸ் இல்லை. எம், அதற்குள் எம்30. இந்தியத் துணைக்கண்டம் முழுக்கப் பரவலாக இருக்கிற கிளையாம். 16189உம் 16278உம் எங்கள் வழியில் தனியாக மாறினவை என்று ரிப்போர்ட்டில் ‘தனிப்பட்ட விகாரங்கள்’ என்ற பகுதியில் போட்டிருக்கிறார்கள்.

அண்ணாவுக்குக் கொஞ்சம் முகம் வாடிவிட்டது. பதினெட்டு வருடமாக வேலையிடத்தில் ஒஜிப்வே நண்பர் ஒருவரைச் ‘சகோதரா’ என்று கூப்பிட்டு வந்தாராம். இனி என்ன செய்வது என்று கேட்கிறார். அப்படியே கூப்பிடச் சொன்னேன்.

நிலாவெளி_லாப் | ஒக்டோபர் 18, இரவு 9.51

அக்கா! அந்த இரண்டு விகாரமும் உங்கள் வழியில் எப்போதோ ஒரு தாயிடம் நடந்தவை. அதே இரண்டும் சேர்ந்து உள்ள எம்30 வேறு யாருக்காவது வந்தால் அவர் உங்களுக்கு நெருங்கின உறவாக இருக்கக்கூடும். எக்ஸ் உலகத்துக்கு அரிது. இது உங்களுக்கு உதவும். தரவுத்தளத்தில் பொருத்தம் ஏதாவது காட்டுகிறதா?

கடற்கரைக்காகம் | ஒக்டோபர் 18, இரவு 10.04

இறகுத் தொப்பி வந்து சேர்ந்துவிட்டது. திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

உப்புவெளிக்காரி | ஒக்டோபர் 19, காலை 7.15

காகம் தம்பி, பத்திரகாளி கோயில் தேருக்கு அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள், சந்திக்கலாம்.

தங்கச்சி, ஒரே ஒரு பொருத்தம் காட்டுகிறது, லண்டனில் ஒரு பெண். எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

ஆனால் இதற்கிடையில் வாவிக்கரை அண்ணா சொன்ன வேலையைச் செய்தேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு சேனையூர் போனேன். பூட்டியின் தங்கச்சி வழியில் ஒரு பெரியம்மா இருக்கிறார், எண்பத்தேழு வயது, காது கொஞ்சம் மந்தம். இழைமணி பற்றி விளக்கப் போய்த் தோற்றேன். கடைசியில் ‘வளவு யாருடைய சீதனம்?’ என்று மட்டும் கேட்டேன். அவர் விரல் மடக்கி மடக்கிப் பெயர்களைச் சொன்னார். அம்மா, அம்மம்மா, பூட்டி, பூட்டியின் தாய், அவளுடைய தாய். ஐந்து பேர். அந்த ஐந்தாவது பெண் கொட்டியாரத்துக்காரி இல்லையாம். வெருகல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்து, ஒரு பஞ்ச வருடத்தில், கைக்குழந்தையோடு நடந்து வந்தவளாம். குழந்தை மகள்தான்.

அம்மா திரும்பி வரும் வழி முழுக்கப் பேசவே இல்லை. மூதூர்ச் சந்தியில் பஸ் நின்றபோதுதான், ‘அவவுக்கும் அப்ப பத்திரம் ஒண்டும் இருந்திருக்காது’ என்றார்.

வெருகல்காற்று தம்பி, உங்களுக்குத் தனிமடல் போட்டிருக்கிறேன். உங்கள் அம்மம்மாவின் ஊர்ப் பக்கம் வயதான பெண்கள் யாராவது இருக்கிறார்களா? பெயர்களை இங்கே பொதுவில் போட விருப்பமில்லை. அவர்கள் சம்மதித்தால் அடுத்த சனிக்கிழமை வரலாம், அம்மாவும் வருகிறேன் என்கிறார்.

வெருகல்காற்று | ஒக்டோபர் 19, காலை 9.02

மடல் பார்த்தேன் அக்கா. வாருங்கள். அம்மம்மாவின் அக்கா இருக்கிறார். காலையில் வந்தால் நல்லது, மத்தியானம் சாப்பிட்டால் படுத்துவிடுவார்.